வெள்ளைப் பூ வரும்வரை

பிப்ரவரி 3

தம்பி சபரிநாதன் ஆப்பிரிக்காவிலிருந்து பேசினான். திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றோடு எல்லையோரக் கிராமத்தில் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்து நாட்டு ராணுவம் உள்ளே வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சாம். "அக்கா, நீதான காலேஜில இதப் பாடம் நடத்தறே. வருவாங்களா? நான் கெளம்பிரட்டுமா?"

ஐ.நா. பாதுகாப்பு அவை சம்மதிக்காமல் வரமாட்டார்கள், ஒரு வல்லரசு வீட்டோ போட்டாலே தீர்மானம் செத்தது என்று விளக்கினேன். இன்னும் இரண்டு மாத வேலைதானே, முடித்துவிட்டு வா என்றேன்.

பிப்ரவரி 6

அவன் மனைவி மதுமதிக்கு மனசு கேட்கவில்லை. மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டோம். அவன் அங்கேயே இருக்கலாம் என்றால் வெள்ளை, கூடாதென்றால் சிவப்பு. பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு.

"வரச் சொல்லிரலாமுங்க நங்கையா" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு மது அழுதாள். நான்தான் இன்னொரு தடவை கேட்போம் என்றேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை. சாமியே இல்லை என்கிறவளுக்கு எதற்கு அந்த மூன்றாவது தடவை?

பிப்ரவரி 14

வீட்டோ! தீர்மானம் தோற்றது. உடனே சபரிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "அப்பாடா, பொழைச்சேன்" என்று சிரித்தான்.

பிப்ரவரி 19

வேறு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். வட்டார நாடுகளின் கூட்டமைப்பில் — அங்கே எல்லாரும் அவர்களுக்கு வேண்டியவர்கள். ஒரே மாலையில் சம்மதம். 'பொதுமக்களைக் காப்பதற்காக.' விடிவதற்குள் விமானங்கள்.

இதையும் வருஷா வருஷம் நடத்துகிறேனே, பாவி! ஓரிடத்தில் முடியாதென்றால், சரி என்கிற இடத்தைத் தேடிப் போவார்கள் என்று. கோயிலில் நான் செய்ததும் அதுதானே?

சபரிக்குப் போன் போகவில்லை.

பிப்ரவரி 20

போகவில்லை.

பிப்ரவரி 22

அவனோடு வேலை செய்யும் வளவன் பேசினான். நிமிர்த்தி வைத்திருந்த ரிக்கை ராக்கெட் ஏவுகிற வண்டி என்று நினைத்துவிட்டார்களாம். "தண்ணி வந்துருச்சுங்கக்கா. சபரியண்ணன் அத வீடியோ எடுத்துட்டு இருந்தாருங்க."

நாந்தான்டா இருன்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன் சாமி.

மார்ச் 2

சபரி வந்தான். பெட்டியைத் திறக்க விடவில்லை.

மார்ச் 17

நடந்ததைக் 'கவனத்தில் கொள்வதாக' நேற்றுப் பாதுகாப்பு அவை ஒரு தீர்மானம் போட்டது. இந்த முறை வீட்டோ இல்லை. எட்டுப் பக்கத்தையும் அச்செடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக என் முகத்தைப் பார்க்காத மதுமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுல அவரு பேரு இருக்குதுங்களா?"

இல்லை. பொதுமக்கள் சிலர் உயிரிழந்ததற்கு வருத்தம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னேன். 'சிலர்' எந்த வார்த்தை என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதுதானுங்களா அவரு?"