தொப்பையாரின் இடது கை

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய, போனில் நீ சொல்லும் ‘சாப்பிட்டேன்மா’வைத் தவிர எனக்கு வேறு சாட்சி கிடையாது. இங்கே நாங்களும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், அதை இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். முதலில் உன் அப்பாவின் புகழைப் பாடிவிடுகிறேன், அதைப் பாடாமல் இந்த வீட்டில் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் சும்மா இருக்க முடியாமல் வாரப் பத்திரிகையில் உடல்நலக் கட்டுரை எழுத ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அதை ஒருவரும் படிக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. ‘சார், ஒவ்வொண்ணும் பரீட்சைப் பாடம் மாதிரி இருக்கு, கூட ஒரு கார்ட்டூன் இருந்தா நல்லாயிருக்கும்’ என்று பத்திரிகை ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடமும் பழமும் வரையச் சொல்லிக்கொடுத்த ட்ராயிங் டீச்சர் வீட்டிலேயே கிடைக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும், வேலை என் தலையில் விழுந்தது. உப்பைக் குறையுங்கள் என்று அவர் எழுதுவார், மறு கையில் உப்புக் கடலைப் பொட்டலத்தோடு. நான் எதிரே உட்கார்ந்து அதையே வரைவேன். முன்னால் போகும் வயிறு, மூக்கு நுனியில் கண்ணாடி, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யத் தூக்கிய விரல், அப்படிப் பிறந்தவர்தான் தொப்பையார். வாசகர்கள் கடிதம் போட்டார்கள், கட்டுரையைப் பற்றி இல்லை, தொப்பையாரைப் பற்றி. படம் பெரிதாகப் பெரிதாகக் கட்டுரை இளைத்தது. உன் அப்பாவுக்கு வயிற்றெரிச்சல், அதற்கு என்ன மருந்து என்று மட்டும் அவர் இன்னும் எழுதவில்லை. கீழ் வீட்டு டெய்லர் முதல் பேப்பர் போடுகிறவர் வரை தொப்பையார் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. ‘யாரோ ஒரு சோம்பேறிய நல்லாப் புடிச்சிருக்கே’ என்று என்னைப் பாராட்டவே செய்தார், நானும் அடக்கமாக வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் நடைப்பயிற்சி பற்றி ஒரு கட்டுரை. கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தைச் சுற்றி அவர் நடப்பதை மாடியிலிருந்து பார்த்து வரைந்தேன். வலது கை தளபதி மாதிரி முன்னும் பின்னும் வீசுகிறது, இடது கை அக்குளில் குடையை இடுக்கியது போல உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன அலட்டல் பார் என்று சிரித்துக்கொண்டேதான் வரைந்தேன். படத்தைப் பார்த்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். ‘நடக்கும்போது ரெண்டு கையும் வீசும். இதுகூடத் தெரியாம எப்படி டீச்சரா இருந்தே?’ என்றார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது, ‘நான் பாத்ததத்தான் வரைஞ்சேன், அது நீங்கதான், அந்தத் தொப்பையும் உங்களோடதுதான்’ என்று போட்டு உடைத்துவிட்டேன். இன்றைக்கு வீடு ரெண்டாகப் போகிறது என்று காத்திருந்தேன். தொப்பை அவர் காதிலேயே விழவில்லை. எழுந்து போய் பீரோக் கண்ணாடி முன்னால் நடந்தார், திரும்பி நடந்தார். உட்கார்ந்து இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு, நோயாளிகளின் வீட்டு ஆட்களிடம் பேசும் அந்த மெதுவான குரலில், ‘பார்க்கின்சன்னு சொல்ற நடுக்குவாதம் சில பேருக்கு இப்படி ஒரு கை வீசாமதான் ஆரம்பிக்கும், நடுக்கம் அப்புறமாத்தான் வரும், வேற ஏதாவதாவும் இருக்கலாம்’ என்றார். என்னிடம் அவர் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பழைய ஆளாகிவிட்டார். நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்றால், ‘எங்கிட்டப் படிச்ச பையன், அவன் முன்னாடி போய் பரிசோதனைன்னு நான் மூக்கத் தொட்டுக் காட்டணுமா?’ என்கிறார், அந்தப் பையனுக்கே தலை பாதி நரைத்துவிட்டது. கொஞ்ச நாள் கவனிக்கலாமாம். அறிகுறியைக் கண்டும் தள்ளிப்போடுகிறவன் தனக்குத் தானே எதிரி என்று ஊருக்கு எழுதிய அதே மகான்தான். எனக்கு உத்தரவு வேறு, பத்திரிகைக்கு நேரமாகிறது, கையைத் திருத்தி வரைந்து கொடு என்று. டாக்டரிடம் போகும் வரை தொப்பையாருக்கு வேறு கை கிடையாது என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கட்டுரை படமில்லாமல் வந்தது. ஆசிரியர் போன் செய்து, தொப்பையாருக்கு உடம்பு சரியில்லையா என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டு உன் அப்பாவின் முகம் போன போக்கை நான் என்றைக்கும் வரைய மாட்டேன். அன்று சாயங்காலம் தானே நரம்பு டாக்டரிடம் பேசி, வருகிற மாதம் முதல் வாரத்தில் நேரம் வாங்கிவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை, உனக்குத் தெரியக்கூடாது. ‘பொண்ணுகிட்ட போன்ல மூச்சு விடக்கூடாது’ என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். வீட்டாரிடம் நோயை மறைக்காதீர்கள் என்றும் ஒரு கட்டுரை எழுதியவர்தான், அதில் தொப்பையார் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பார். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன், போனில் மூச்சு விடவில்லை. கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

குட்டி, இத்தனை வருஷமாக அந்த மனிதரைக் கிண்டல் பண்ணியே குடும்பம் நடத்திவிட்டேன். அந்த டாக்டர் அறையில் என் வாயில் என்ன வரும் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வரைந்தேனே, அந்தக் கையைத்தான் இப்போது தினமும் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்காவது வீசாதா என்று. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ வேண்டும், ஒருவரை ஒருவர் கேலி செய்யவும் மறக்க வேண்டாம். கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றச் சொன்னேன், மாற்றினாயா. இதற்குப் பதில் எழுதாதே, தபால் பெட்டியை முதலில் திறப்பவர் அவர்தான். பதிலாக நீயே வந்து நில்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா