புனித வெள்ளியில் விழுந்த வளையம்

மே 22, திங்கள்

காலையிலிருந்து மழை. எல்லிங்ஸ்ருட் ஸ்டேஷனில் ஏறும்போதே ரயிலில் இருக்க இடம் இல்லை. நின்றபடி வாசித்தேன், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

வாய்மொழிப் பரீட்சை யூன் 1. புரொஜெக்டுக்கு B கிடைத்தால் இந்த இரண்டு வருஷக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருஷத்துக்கு நேரே போகலாம். C என்றால் இல்லை. மற்றப் பாடங்கள் எல்லாம் ஒப்பேறிவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

கூட்டாளி வெஸ்ட்லி றொஷான். கோயிலிலும் அவன், வகுப்பிலும் அவன். புரொஜெக்டில் அவன் செய்தவை:
1. முகப்புப் பக்கம்.
2. முகப்புப் பக்கத்தின் நிறத்தை மாற்றியது.
3. திரும்பப் பழைய நிறத்துக்கே கொண்டுவந்தது.

மிச்சம் எல்லாம் நான். கோயில் அறிவித்தல்களை எங்கள் ஆட்கள் பாமினி எழுத்தில்தான் அடிப்பார்கள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதை எங்கும் வாசிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றுகிற நிரல். போன கோடை முழுக்க அதிலேயே போனது. மற்றவர்கள் ஃபியோர்ட்டில் நீந்தினார்கள்.

கோயிலின் ஜனவரி ஒன்றுகூடலில் அதற்குப் பொன்னாடை. அவனுக்கு! "எங்கடை பெடியன் றொஷான் செய்த மென்பொருள்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். குனிந்து வாங்கினான். வாய் திறக்கவில்லை. நான் மூன்றாம் வரிசையில், மடியில் ரோல்ஸ் தட்டு. பக்கத்தில் அம்மா கை தட்டினா.

நாலு மாதம் ஆகிறது. ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன்.

மே 23, செவ்வாய்

குடை ரயிலில் போய்விட்டது. புதுக் குடை வாங்கவேண்டும்.

கன்டீனில் றொஷானிடம் திரும்பவும் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று.

"ஸ்லாப் ஆவ், ஜெனி. அவை கூப்பிட்டவை, நான் ஏறினனான். மேடையிலை நிண்டு விளக்கம் குடுக்கேலுமே?"

ஸ்லாப் ஆவ். அலட்டாமல் இரு என்பதை நொர்வேஜியனில் சொன்னால் மரியாதையாகிவிடுமாக்கும்.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த களைப்பு அவவுக்கு.

"விடு பிள்ளை. ஒரு சால்வைதானே. உனக்கு என்னத்துக்கு அது?"

சால்வை எனக்கு வேண்டாம். அவன் அதை வைத்திருக்கக்கூடாது.

மே 26, வெள்ளி

வெயில். பத்தொன்பது பாகை. ஜன்னல் திறந்து வைத்துச் சோதனை ஓட்டம்.

ஒரு பிழை பிடித்தேன். பிழை என்னுடையதுதான். பாமினியில் ள எழுத்துக்கும் ௌ குறியின் வால் பகுதிக்கும் ஒரே விசை. பங்கு மக்களின் பெயர்ப் பட்டியலில் ஒரு சௌந்தரம் இருக்கிறா. அவவுக்காக, முன்னால் கொம்பு இருந்தால் பின்னால் வரும் ளவை வாலாக எடு என்று எழுதி வைத்திருந்தேன். சௌந்தரம் சரியாக வந்தா. 'வெள்ளி' என்ற சொல் உடைந்தது. வௌ என்று எடுத்துவிட்டு, மிஞ்சிய புள்ளியை ஒரு வெறும் வளையத்தின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது.

திருத்தம் சின்னது. ளவுக்குப் பின்னால் புள்ளியோ, ளி, ளீக்கு வருகிற விசிறியோ வந்தால் அது எழுத்து, வால் இல்லை. பத்து நிமிஷம்.

பிறகு யோசித்தேன். பரீட்சையில் மாற்றிக் காட்டப்போவது ஈஸ்டர் காலத்துப் பாஸ்கு அறிவித்தல். அதில் 'புனித வெள்ளி' ஐந்து இடத்தில்.

திருத்திய நிரல் என் மெமரி ஸ்டிக்கில் இருக்கட்டும். பழையதை அவனுக்குக் கொடுப்பேன். பரீட்சகர் முன்னால் வளையம் வரும். என்ன இது என்று கேட்பார்கள். அவன் விழிப்பான். வேர்க்கட்டும், நன்றாக வேர்க்கட்டும். கடைசியில் நான் எழும்பி விளக்கிப் புதியதை ஓட்டிக் காட்டுவேன். அவன் தாழுவான், மார்க்ஸ் தப்பும்.

தப்பாவிட்டால் C. பல்கலைக்கழகம் இல்லை. தெரிந்துதான் செய்கிறேன்.

கனநாளைக்குப் பிறகு நல்ல பசி. இரண்டு கோப்பை சோறு.

மே 31, புதன்

குறொன்லாண்ட் கடைத்தெரு. வெண்டிக்காய், மரவள்ளி, தேங்காய்ப்பால் ஆறு பேணி. அம்மா சொன்ன கறிவேப்பிலை முடிந்துவிட்டது.

றொஷான் கடை வாசலுக்கே வந்து நிரலை வாங்கினான்.

"டெமோ நான் செய்யிறன். நீ வெருண்டு போவாய்."

"ஓம், நீயே செய்."

கேட்காமலே என் பையைத் தூக்கி ஸ்டேஷன் வரை கொண்டுவந்து தந்தான். இது ஒன்று. இப்படி ஏதாவது செய்து ஆளைக் குழப்புவான். கொஞ்சம் குழம்பினேன். பிறகு ரயிலில் பொன்னாடையை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

யூன் 1, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஆசிரியரும், வெளியிலிருந்து வந்த பரீட்சகரும். அவர் கட்டை நரைமுடி, சிரிக்காத பெண். றொஷான் முகப்பைப் பற்றி வெகு நேரம் கதைத்தான். ஞானஸ்நான அறிவித்தல் சுத்தமாக மாறியது. பிறகு பாஸ்கு. ஐந்து வளையம், திரை நிறைய.

"இந்த வட்டங்கள் என்ன?" என்றார் அந்தப் பெண்.

றொஷான் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்த நேரத்துக்காகத்தான் ஒரு கிழமை நல்ல நித்திரை கொண்டேன்.

அவன் வேர்க்கவில்லை. விழிக்கவும் இல்லை. "எனக்குத் தெரியாது. நிரல் முழுக்க இவ எழுதினது. நான் முகப்பு மட்டும்" என்றான். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பதுபோல.

நாலு மாதமாக அவன் வாயால் கேட்க ஆசைப்பட்ட வசனம். இப்படியா சொல்வது?

எழும்பினேன். விளக்கினேன். ஸ்டிக்கைச் செருகிப் புதியதை ஓட்டினேன். வெள்ளி ஐந்தும் வெள்ளியாகவே வந்தன. ஆசிரியர் தலையாட்டினார். அந்தப் பெண் மட்டும் ஸ்டிக்கையே பார்த்தபடி:

"திருத்தியது எப்போது?"

"போன வெள்ளி."

"கூட்டாளிக்கு ஏன் கொடுக்கவில்லை?"

"மறந்துபோனேன்."

அவர் நம்பவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியில் காத்திருந்தோம். அவன் சுவிங்கம் நீட்டினான், வாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு B. நிரல் A தரமாம், கூட்டு வேலையில் குறைத்தார்களாம். அவனுக்கும் B. "நேர்மையாகச் சொன்னார்" என்றார் அந்தப் பெண். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

இடம் கிடைத்துவிட்டது. அம்மா போனில் அழுதா. எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் வந்தது.

யூன் 4, ஞாயிறு

பெந்தக்கோஸ்தே. கோயிலில் சனம், கதிரை போதவில்லை. புதுச் சப்பாத்து கடித்தது.

பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி. றொஷானின் அம்மா எல்லோருக்கும் கேட்கிறமாதிரி: "மார்க்ஸ் போனாலும் பறவாயில்லை எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறான்!" பங்குச் சுவாமி அவன் தோளில் தட்டினார். என் அம்மா: "நல்ல வளர்ப்பு." என் அம்மா!

திருடினதற்கு ஒரு பாராட்டு. திருடினேன் என்று சொன்னதற்கு இன்னொன்று. எழுதினவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி.

மூலைக்குப் போய் நின்றேன். கேக் துண்டோடு பின்னால் வந்தான்.

"நீ வேணுமெண்டுதானே பழசைத் தந்தனீ?"

"ஓம்." மறைக்கத் தோன்றவில்லை.

"தெரியும். புதன்கிழமையே வீட்டிலை ஓட்டிப் பாத்தனான். அப்பவே வட்டம் வந்தது."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ திருத்திப்போடுவாய். எனக்கும் உண்மையைச் சொல்ல ஒரு இடம் வேணுமெல்லே?"

சிரித்தான். மன்னிப்புக் கேட்கிறானா, நக்கலா, பிடிபடவில்லை. இரண்டும்தான் போல. அவன் தந்த கேக் நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சல்.

ஓகஸ்டிலிருந்து பல்கலைக்கழகத்திலும் ஒரே வகுப்பு.

"புரொஜெக்டுக்கு ஆள் பிடிச்சிட்டியோ?" என்றான்.

"இல்லை."

"அப்ப நாங்களே சேந்து செய்வம்."

ஓம் என்றேன். பக்கத்தில் வைத்திருந்தால்தான் அடுத்த தடவைக்கு வசதி.