அடுப்புத் தகடு

அன்பு மகன் எல்தியாருக்கு,

இந்த வருடம் நம் ஊர் நரினில் குளிர் முந்திக்கொண்டது. ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் காகிதம் ஒட்டிவிட்டேன். உருளைக்கிழங்கைக் குழிக்குள் இறக்கியாயிற்று. நிலக்கரியை உன் சித்தப்பாதான் கொட்டகைக்குள் வாரிப் போட்டார். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஈரக்கரியை அடியில போடாதடா, மடையா" என்று அவரை அதட்டிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் பழையபடிதான் இருக்கிறது.

மருத்துவர் புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆட்டுச் சூப் வைத்தேன். இரண்டு கரண்டியோடு தள்ளிவிட்டார்.

இத்தனை வருடமும் அடுப்பு அவர் பொறுப்பு. இப்போது எனக்குப் பழக்குகிறார்.

"கரி நீலமா எரியறப்போ புகைக்குழாய்த் தகட்டை மூடாத. விஷப்புகை தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். தணல் நல்லா சிவந்தப்புறம் மூடு, சூடு வெளிய போகாம வீட்டுலயே நிக்கும்."

"நீங்கதான் இருக்கீங்களே, எனக்கு எதுக்கு இது?"

"பேசாம அடுப்பைப் பாரு."

முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தினமும் சாயங்காலம், நீலச் சுடர் இருக்கும்போதே தகட்டில் கை வைக்கிறேன். "கழுதைக்குக்கூட இந்நேரம் புரிஞ்சிருக்கும்" என்று திட்டியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறார். நான் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்தால் எழுந்து வரமாட்டார்.

உனக்கு எதையும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மாஸ்கோவில் லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று எனக்கும் தெரியும்.

பனி விழுந்து மலைக் கணவாய்ப் பாதை மூடுவதற்குள் வா, கண்ணே.

உன் அம்மா