பாதி என்று எழுதியிருக்கிறது

மார்ச் 2, 2022

காலையில் பக்வீட் மாவில் சுட்ட அடை நான்கு. கரும்புப் பாகு தீர்ந்துவிட்டது. ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் நூலகத்துப் பெண் தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறாள். எண்பது வயதில் வீட்டுப்பாடம்! எழுதிவிட்டேன்.

மார்ச் 8

டோரிஸ் கூப்பிட்டாள். பதினோரு வருஷமாக என் வரிக் கணக்கை எழுதுகிறவள். நானாகப் போய்க் காகிதப் பையைக் கொடுத்துவிட்டு வருவேனே தவிர, அவள் கூப்பிட்டதே இல்லை. வரி அலுவலகத்தில் என்னைப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"பயப்படாதீங்க பெரியவரே, ஜெயிலுக்கு இல்ல. நான் பண்ணின தப்பு ஒண்ணைத் திருத்தணும்."

என் தங்கை ஜெர்த்ரூத் 2017-இல் போனாள். அடுத்த வருஷம் அவள் வீட்டை விற்று, சொத்துக் கணக்கை வக்கீல் முடித்தார். முடிக்கிற வருஷத்தில் வரவைவிடச் செலவு அதிகமானால், மிஞ்சிய செலவை அந்தச் சொத்தில் பங்கு பெற்றவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாமாம். அந்த வருஷம் சட்டம் புதிது. கழிக்க முடியாது என்று எல்லாரையும் போல டோரிஸும் விட்டுவிட்டாள். பிறகு அரசாங்கமே 'முடியும்' என்று சொல்லிவிட்டது. பழைய கணக்கைத் திருத்தி அனுப்ப ஏப்ரல் பதினைந்து வரை நேரம்.

"எவ்வளவு வரும்?"

"முந்நூறு, நானூறு டாலர்."

"அதுக்கா இந்தப் பாடு?"

"எனக்குத் தூக்கம் வரலே. எனக்காக வாங்கிக்குங்க."

மார்ச் 15

டோரிஸ் வீட்டுக்குப் போனேன். வக்கீல் 2018-இல் கொடுத்த காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு இப்போது படிக்க வரும் என்று அவளுக்குத் தெரியாது. விரலை வைத்துப் போனேன். ஓனெசிம் திபோடோ. என் பெயர் சரி. ஊர் சரி. அதற்குக் கீழே என் பங்கு - 50 சதவீதம்.

"இதென்ன ஐம்பது?"

"உங்க பாதி. செலவிலேயும் உங்களுக்குப் பாதிதான் வரும்."

"மீதிப் பாதி?"

"உங்க தம்பி லூசியனோடது. ஒரே தங்கச்சி, ரெண்டு அண்ணன். நான் எதுக்குக் கேள்வி கேக்கப்போறேன்?"

"அவனுக்குச் சல்லிக்காசு கிடையாதே! எல்லாம் எனக்குன்னுதானே..."

டோரிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "யார் சொன்னாங்க உங்களுக்கு?"

யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அதுதான் இப்போது -

மார்ச் 16

பாதி.

மார்ச் 17

இரண்டு நாளாகச் சோறு தண்ணி இறங்கவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன்.

எனக்கு எழுத்து இல்லாதிருந்ததே தவிர ஞாபகத்தில் குறை வைத்ததில்லை. 1953 செப்டம்பர் இருபத்தேழு, மார்த்தென் வயலில் கூலிக்கு உருளைக்கிழங்கு பொறுக்கினோம். பள்ளிக்கூடம் அறுவடைக்காக மூடியிருந்தது. எனக்கு அது திரும்பத் திறக்கவே இல்லை. நிரப்பின பீப்பாயில் அவரவர் எண் போட்ட சீட்டைச் செருக வேண்டும். என் எண் பதினான்கு. ஏழு வயதுத் தம்பி லூசியனின் எண் எட்டு. அன்று நான் நிரப்பியது அறுபத்து மூன்று பீப்பாய். என் கணக்கில் வந்தது ஐம்பத்தைந்து. ஏன் என்பது என்னோடு இருக்கட்டும்.

இவ்வளவும் நினைவிருக்கிறது. 2018 நவம்பரில் வக்கீல் அறையில் வாசித்தது மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் சத்தமாகத்தான் வாசித்தார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று. நாற்பது வருஷம் காகித ஆலையிலும் அப்படித்தான். யாராவது காகிதத்தை எடுத்தால் வெட்கம் வந்து காதை அடைத்துக்கொள்ளும், தலை தானாக ஆடும். வீட்டில் என் மனைவி இவெத் வாசித்துச் சொல்வாள். அவளும் போய் அப்போது இரண்டு வருஷம்.

அறைக்குள் என்னை மட்டும் கூப்பிட்டதால் எல்லாம் எனக்கே என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். காசோலை சின்னதாக இருந்தது. பாதியை வக்கீல் தின்றுவிட்டான் என்று ஊரெல்லாம் ஏசினேன்.

ஐயோ, அந்த மாதா கோவில் விருந்து. அதற்கடுத்த ஜனவரி. அப்பா 1974-இல் வயலை லூசியன் பெயருக்கு எழுதியதிலிருந்து - வங்கிக் கடனுக்குப் படித்தவன் கையெழுத்து வேண்டுமாம் - நானும் அவனும் பேசுவதில்லை. அன்று நானே பேசினேன். அவரைக்கொட்டை வெந்த பானையைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். "ஜெர்த்ரூத்துக்குத் தன் அண்ணன் யாருன்னு தெரிஞ்சிருக்கு. உனக்குப் பட்டை நாமம்!" என்றேன்.

லூசியன் ஊறுகாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான் செய்தான்.

மார்ச் 25

செலவை மொத்தமாகச் சொன்னால் இப்போது போதாதாம். எது எதற்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வக்கீல் அலுவலகத்திலிருந்து பட்டியல் வந்தது. டோரிஸிடம் கொடுக்குமுன் நானே சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

வீட்டை மதிப்பிட்டது. நீதிமன்றக் கட்டணம். கணக்கெழுதியவர் கூலி. இரண்டாம் பக்கத்தில், ஏழாவது வரி:

'உயிலின்படி முழுச் சொத்துக்கும் உரியவரான லூசியன் திபோடோ, அதில் பாதியைத் தம் அண்ணனுக்குத் தருவதாக ஒப்பந்தம் எழுதியது - 640 டாலர்.'

மூன்று முறை படித்தேன். நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். நூலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணை வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள்.

மார்ச் 26

முழுசும் அவனுக்கு. ஜெர்த்ரூத் அவனுக்குத்தான் எழுதியிருக்கிறாள். எழுதாமல்? கடைசி இரண்டு வருஷம் அவளைக் குளிப்பாட்டி விட்டது அவன் வீட்டார்தானே. அவன் வண்டி அவள் வாசலில் நிற்கிறது என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. தங்கச்சியைவிட அவன் வண்டி பெரிதாக இருந்தது எனக்கு.

அவன் கொடுத்த பணத்தில் கூரை போட்டேன். அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்து அவனைத் திட்டினேன்.

ஏன் சொல்லலே? ஏன்டா சொல்லலே?

ஏப்ரல் 5

லூசியனும் அவன் பாதிக்குத் திருத்தி அனுப்ப வேண்டுமாம். அவன் கணக்கை அவனே எழுதுகிறவன். டோரிஸ் கூப்பிட்டால், வரி என்ற சொல்லைக் கேட்டதும் திருட்டுக் கும்பல் என்று போனை வைத்துவிடுகிறானாம். கடிதம் போட்டாள், பதில் இல்லை. இன்னும் பத்து நாள்.

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்" என்றாள்.

ஆறு மைல் தூரம். நாற்பத்தெட்டு வருஷம்.

ஏப்ரல் 9

போனேன்.

கதவைத் திறந்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தான். "யாரு செத்தது?"

"யாரும் சாகலே. வரி விஷயம்."

"வரியா? நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வரிக்காகவா வந்தே?"

பட்டியலை நீட்டினேன். "ரெண்டாம் பக்கம், ஏழாவது வரி. படிச்சுட்டேன்."

"நீயா?"

"நானேதான்."

உள்ளே போய் அடுப்பில் காப்பியை வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான்.

"ஏன்டா சொல்லலே?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

"செக்கைக் கிழிச்சு உன் மூஞ்சியிலே எறிஞ்சிருப்பேன்."

"அதான். வக்கீல் ஒண்ணையும் மறைக்கலே அண்ணே, சத்தமாத்தான் வாசிச்சார். நான் பக்கத்து ரூமிலே இருந்தேன். நீ தலையாட்டறதைக் கதவு வழியாப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் உள்ளே போகலேன்னு தெரிஞ்சுது."

"எனக்குப் படிக்க வராதுன்னு உனக்கு..."

"ஊருக்கே தெரியும். உனக்குத்தான் அது ரகசியம்."

அறுபது வருஷம் அதற்காக எத்தனை வேஷம் போட்டேன்.

"சரி, கோவில்லே அத்தனை பேர் முன்னாலே நான் சொன்னப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

காப்பியை ஊற்றினான். கொஞ்சம் கோப்பைக்கு வெளியே போயிற்று.

"மார்த்தென் வயல்லே ஒரு நாள் நான் பன்னிரண்டு பீப்பாய்தான் நிரப்பினேன். சாயங்காலம் அப்பா எண்ணினப்போ என் சீட்டோட இருபது நின்னுது. நீ வாயைத் திறந்தியா?"

"அது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எண்ணத் தெரியுமே, அண்ணே."

காப்பி கசந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

ஏப்ரல் 13

டோரிஸ் வீட்டு மேஜையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். தபாலில் சேர்த்தாயிற்று. லூசியன் எங்கே போடுவது என்று டோரிஸின் விரலைத் தேடினான். கண்ணில் புரையாம் அவனுக்கு. அதனால்தான் அவள் கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 24

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடுகிறது. சத்தம் வீடு வரை கேட்கிறது.

செப்டம்பர் 3

சனிக்கிழமை. லூசியன் வெந்த அவரைக்கொட்டையோடு வந்தான், ஊறுகாயோடும். எனக்கு முந்நூற்று எழுபத்தேழு டாலர் போன வாரமே வந்துவிட்டது. அவனுக்கு வந்த உறையைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"இந்தா, வாசி."

"டோரிஸ்கிட்டே குடுக்கலாமே."

"நீ வாசி. மெதுவாவே வாசி. எதையும் விட்டுடாதே."

முந்நூற்றுப் பதினான்கு என்று வந்தது. "உனக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்றான். "ஆலைப் பென்ஷன்காரன், பணக்காரன், வரி கூடக் கட்டினவன்" என்றேன். பிறகு மீதியையும் வாசித்தேன் - எண், தேதி, அடியில் இருந்த பொடி எழுத்து வரை. அரை மணி நேரம் ஆயிற்று.

அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.