மடு மண் இருந்த பேணி

4 ஆகஸ்ட் 1962, சனி

சகல பொதுமக்களுக்கும் இதனால் அறியத் தருவது யாதெனில், எங்கள் வீட்டுக் கறுப்பிக் கோழி நேற்றுத் தொடக்கம் தனது கூட்டில் முட்டையிடும் சேவையை நிறுத்திக்கொண்டுள்ளது. முட்டை வேறெங்கோ இடப்படுகிறது. எங்கே என்பது அரசாங்க இரகசியம். கண்டுபிடிப்பவருக்கு ஒரு முட்டை பொரித்துத் தரப்படும் என்று அம்மா அறிவித்துள்ளார்.

கச்சான் காற்று ஐந்தாம் நாள். வாயெல்லாம் புழுதி. கிணற்றில் அடி தெரிகிறது. செட்டிகுளத்தில் மழையைக் கடைசியாகக் கண்டவர் யாராவது இருந்தால் கையை உயர்த்தவும்.

இந்தக் கொப்பியின் மட்டையில் ‘கேத்திர கணிதம்’ என்று எழுதியிருக்கிறேன். அதைக் கண்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் திறக்க மாட்டார்கள். நான் உட்பட.

வீட்டில் உள்ளோர் விபரம்:
ஐயா. வயல் வேலை. அத்துடன் அந்தோனியார் கோவில் மூப்பர். கோவில் சாவி, மணி, ஊர்ப் பிள்ளைகளின் நடத்தை எல்லாம் அவர் பொறுப்பு.
அம்மா. ஐயாவுக்கு மூப்பர்.
பிலோ என்கிற பிலோமினா. தங்கச்சி. ஒன்பது வயது. தொழில் கோள் சொல்வது.
சவிரி. நான். பதினைந்து. ‘ஊருக்கு ஒரு மூப்பர், மூப்பருக்கு ஒரு மூடர்’ என்பது ஐயாவின் கருத்து. பாம்பு, பேய், சுவாமியார் மூன்றுக்கும் பயமில்லாத ஆள். (ஐயாவின் பெல்ட்டுக்குக் கொஞ்சம்.)

5, ஞாயிறு

மாதப் பூசை. சுவாமியார் வந்தார். பிரசங்கம் முக்கால் மணித்தியாலம், முழுவதும் தாய் தகப்பன்மாருக்கு. சுருக்கம்: காலம் கெட்டுப்போச்சு. சினிமா, றேடியோப் பாட்டு, பட்டணத்துச் சேர்க்கை. பிள்ளை நரகத்துக்குப் போனால் தீர்வை நாளில் முதலில் விசாரிக்கப்படுவது பெற்றவர்கள்தான்.

நான் கொட்டாவி விட்டேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். பிலோவை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டிருந்தார். கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

மத்தியானம் ஐயா ஒரு கடதாசியில் எழுதி, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார்:
1. சினிமா இல்லை.
2. சினிமாப் பாட்டு இல்லை. முணுமுணுப்பதும் பாட்டே.
3. றேடியோ செய்திக்கு மட்டும். (எங்களிடம் றேடியோ இல்லை. முன்னெச்சரிக்கை.)
4. செபமாலைக்கு முன் சோறு இல்லை.
5. சவிரி சிரிக்கக் கூடாது. (நான் சிரித்த பிறகு சேர்த்தது.)

“ஐயா, மோயீசனுக்கு ஆண்டவர் குடுத்தது பத்துக் கற்பனை. நீங்கள் அஞ்சோடை நிப்பாட்டிப் போட்டீங்கள்.”

“மிச்சம் அஞ்சும் பெல்ட்டிலை இருக்கு. வாசிச்சுக் காட்டட்டோ?”

வேண்டாம் என்றேன்.

பா.பு. பத்திரம். (ஐயா கண்டால் பாடப் புத்தகம். உண்மையில் பாட்டுப் புத்தகம். சினிமாப் பாட்டு, இருபத்திரண்டு. ஸ்ரேசனடிக் கடைக்காரரின் மகன் காசிம் இரவல் தந்தது.) ஒளித்த இடத்தை நினைத்தால் எனக்கே என் காலில் விழத் தோன்றுகிறது. மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு பால்மாத் தகரப் பேணி. அதற்குள் மடு மண். போன வருடத் திருநாளுக்கு அம்மா மடுக் கோவிலுக்குப் போய், முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. பாம்பு கடித்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் கடிவாயில் பூசவும். இங்கே எல்லா வேதக்கார வீடுகளிலும் உண்டு. பாம்பு கடிக்காதவரை ஒருவரும் தொட மாட்டார்கள். ஆகவே வியாழக்கிழமை மண்ணைத் தேசிக்காய் மரத்தடியில் கொட்டிவிட்டு, பா.பு.வைச் சுருட்டி உள்ளே வைத்து மூடிவிட்டேன். ஐயா தினமும் முழங்காலில் இருந்து அதன் முன்னால் செபம் சொல்கிறார். இருபத்திரண்டு பாட்டுக்கும் சேர்த்து.

7, செவ்வாய்

காசிம் வேலிக்கு அங்கால் நின்று, “டேய், வாப்பா தேடுறார், புத்தகத்தைத் தா” என்றான். கொடுத்துவிட்டேன். இப்போது பேணி வெறுமை. தேசிக்காய் மரத்தடியில் பார்த்தால் மடு மண்ணைக் கச்சான் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மன்னார்ப் பக்கமிருந்து வந்ததை அநுராதபுரப் பக்கம் அனுப்பியாயிற்று.

கோழிக்கூட்டடியில் நல்ல மெல்லிய மண். அம்மாவின் மா அரிக்கும் அரிதட்டால் அரித்தேன். நிரப்பினேன். நிறம் சரி. பாரம் சரி. மாதாவுக்கே வித்தியாசம் தெரியாது.

கடைசி வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழித்தால் பயந்தது போலாகிவிடும். அழிக்கவில்லை.

செபமாலை நேரம் சுரூபத்தின் கண் பேணியையே பார்ப்பது போல இருந்தது. இடம் மாறி இருந்து பார்த்தேன். அங்கேயும் பார்த்தது. விளக்கின் ஆட்டம்தான்.

10, வெள்ளி

பிலோவைப் பாம்பு கடித்துவிட்டது. நேற்று. ஆசுபத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். காசிம் சைக்கிளில் வந்தான். உடுப்போடு இந்தக் கொப்பியையும் கொண்டுவந்திருக்கிறான். படிக்கிற பிள்ளை என்று நினைத்தானாம்.

வலக்கை தோள்வரை வீக்கம். ஈறில் இரத்தம். ஊசி போட்டிருக்கிறார்கள். இன்றும் நாளையும் பார்க்க வேண்டும் என்கிறார் டொக்டர். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அம்மா கட்டிலடியில். நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை.

ஐயா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சினிமாவிலை இருந்து காப்பாத்தப் பாத்தன். பாட்டிலை இருந்து காப்பாத்தப் பாத்தன். விறகுக் குவியலை நான் பாக்கேல்லை, சவிரி.”

பகிடி ஒன்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் இல்லை உள்ளே.

செத்துப்போனால்?

11, சனி

இரத்தம் நின்றுவிட்டது. கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள். டொக்டர் முதன்முறையாகச் சிரித்தார். இப்போது எழுதலாம்.

வியாழன், காலை பத்து மணி. விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து பிலோ கத்தினாள்: “அண்ணை, கறுப்பியின்ர முட்டை கண்டன்! ஆறு!” அடுத்த சத்தம் வேறு சத்தம். மணிக்கட்டில் இரண்டு துளி இரத்தம். புடையன் பாம்பு ஒன்று அவசரமில்லாமல் வேலியடியால் போனது. அதுவும் முட்டைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

அம்மா துணியால் கையைக் கட்டினார். நேரே பேணியிடம் ஓடினார். எல்லாவற்றையும் செம்பில் கொட்டிக் கரைத்தார்.

“குடி ராசாத்தி. ஒரு சொட்டும் விடாமல் குடி. மாதா இருக்கிறா.”

கோழிக்கூட்டு மண். பிலோ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மிச்சத்தைக் கடிவாயில் பூசினார்.

ஐயா வயலில் இருந்து ஓடிவந்தார். “வண்டிலைக் கட்டட்டோ? ஆசுபத்திரிக்கு…”

“ஏனப்பா? மண் குடுத்திட்டன். பாம்பு கடிச்சுக் கிடந்த என்ர அண்ணரை எழுப்பினதும் இந்த மண்தானே. இப்ப வண்டிலைக் கட்டினா மாதாவை நம்பேல்லை எண்டெல்லே ஆகும்?”

பக்கத்து வீட்டு அன்னம்மா அக்காவும் சொன்னார்: “மூப்பர் வீட்டிலையே விசுவாசம் இல்லையெண்டா நாங்கள் எங்கை போறது?”

ஐயா எழுந்தார், இருந்தார், எழுந்தார், இருந்தார். செபமாலை தொடங்கியது.

பேணியில் இருந்தது என்ன என்று அந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். ஐந்து சொல் போதும்: அம்மா, அது மடு மண் இல்லை. வாயைத் திறந்தேன். ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடியும் அதுவே. வீக்கம் முழங்கைக்கு வந்தது. செபமாலை முடிந்து இரண்டாவது தொடங்கியது. பிலோ “அம்மா, வாய் உப்புக் கரிக்குது” என்றாள். பல்லில் சிவப்பு.

இங்கேதான் சவிரியின் மூளை வேலை செய்தது. மெல்ல விறகுக் குவியலடிக்குப் போனேன். ஒரு முள்ளை முறித்து என் குதிக்காலில் நானே குத்தினேன். குத்திவிட்டுக் கத்தினேன்: “ஐயோ! என்னையும் கடிச்சுப்போட்டுது! ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ!”

அம்மா பேணியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு மணியும் இல்லை. எல்லாம் பிலோவுக்குக் கொடுத்தாயிற்று. அந்த முகத்தை நான் மறக்க வேண்டும்.

ஐயா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாட்டை அவிழ்த்தார். வண்டிலில் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்குக் கண் சொருகுகிறது. மற்றது கத்திக்கொண்டே வருகிறது.

டொக்டர் என் குதிக்காலிலிருந்து முள்ளை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “தம்பி, உன்னைக் கடிச்ச பாம்புக்கு ஒரு பல்லுத்தான். அதையும் உன்ர காலிலை விட்டிட்டுப் போட்டுது.”

ஐயா என்னைப் பார்த்த பார்வையில் பெல்ட் இருந்தது. உடனே திட்டத்தைச் சொன்னேன். அம்மா போக விடமாட்டார் என்று தெரிந்துதான், தங்கச்சிக்காக, வேண்டுமென்றே குத்தினேன் என்று. பெல்ட் மறைந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐயா அழுது நான் பார்த்ததில்லை.

ஆக, ஒரு முள், ஒரு கத்தல், ஓர் உயிர். செலவு: சிறிது இரத்தம்.

13, திங்கள்

பிலோ எழுந்து இருக்கிறாள். முதல் கேள்வி: “முட்டை பொரிச்சாச்சோ?” பிழைத்துவிட்டாள்.

நேற்று அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். மடுவுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். நாளை நானும் அம்மாவும் அன்னம்மா அக்கா வீட்டு வண்டிலில். ஐயா பிலோவோடு. ஊரில் இரண்டு கதை ஓடுகிறது. அன்னம்மா அக்காவின் கதையில் மண் காப்பாற்றியது. ஐயாவின் கதையில் மாதாவும் சவிரியும் சேர்ந்து காப்பாற்றினார்கள். அந்தக் கூட்டாளிக் கதையை ஐயா தொடங்கினால் நான் விறாந்தைக்கு எழுந்து போய்விடுகிறேன். நாளை மறுநாள் திருநாள் பூசையில் சற்பிரசாதம் வாங்க வேண்டும். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம்: செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் வாயால் சொல்ல வேண்டும். பாவத்தை மறைத்து நாக்கை நீட்டினவன் கோவில் வாசலிலேயே விழுந்து செத்த கதையைச் சுவாமியார் வருடம் ஒருமுறை சொல்வார். கதைதான். இருந்தாலும் வாசல் நீளமானது.

15, புதன், மடு

சனம் காடு கொள்ளவில்லை. மரத்துக்கு மரம் குடில், புகை, பிள்ளை அழுகை.

நேற்றே பாவசங்கீர்த்தனம் செய்தேன். பா.பு. சொன்னேன். மண் சொன்னேன். தட்டிக்கு அங்காலிருந்து சுவாமியார் எந்த மண் என்று இரண்டாம் தரம் கேட்டார். பிறகு: “உன்ர தாய்க்குச் சொல்லு.” அபராதம் அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை தந்திருந்தால் நிம்மதியாகச் சொல்லியிருப்பேன்.

பூசை முடிந்தது. அம்மா குனிந்து புது மண் அள்ளிக்கொண்டிருந்தார். பழைய பேணி. பக்கத்தில் குந்தினேன்.

“அம்மா, அந்தப் பேணியிலை இருந்தது…”

“தெரியும். ஞாயிற்றுக்கிழமை கழுவேக்கை அடியிலை சின்னக் கோழிச் செட்டை ஒண்டு ஒட்டிக்கிடந்தது. கறுப்பு.”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா நீ பொய் சொல்லுவாய். அதைக் கேக்க எனக்குத் தெம்பில்லை.” மண்ணைக் கையால் அமத்தினார். “நானும் ஒண்டு செய்தனான் மோனை. பிள்ளைக்கு வீங்க வீங்கப் பாத்துக்கொண்டு இருந்தனான். மாதா இருக்கச் சொல்லேல்லை. அன்னம்மா என்ன நினைப்பா எண்டு இருந்தனான். உங்களை எப்பிடி விசுவாசத்திலை வளக்கிறது எண்டு பயந்து பயந்து, ஒண்டைச் சாகக் குடுக்கப் பாத்தன்.”

பேணி மூடியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“நீ கத்தினபடியால் பிள்ளை இருக்கு. மாதாதான் உன்ர வாயாலை கத்தினவா. தங்கச்சிக்காகக் காலிலை முள்ளுக் குத்தினவன் கெட்டுப்போக மாட்டான்.” மண் கையால் என் தலையைத் தடவினார்.

தலையாட்டினேன்.

வண்டிலில் திரும்பும் வழி. எழுத்து ஆடுகிறது. 11ஆம் திகதிப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன், கிழிக்கவில்லை. கீழே திருத்தம்:

முள்ளை நான் குத்தவில்லை. திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. பிலோவின் பல்லில் சிவப்பைக் கண்டதும் பார்க்க முடியாமல் ஓடினேன். விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிய. வெறுங்கால். குதியில் சுருக்கென்றது. பாம்பென்றே நினைத்தேன். மடு மண் இல்லை, இருந்த மண்ணும் என்ன மண் என்று எனக்குத் தெரியும், இனி ஆசுபத்திரிதான் என்று நினைத்தேன். கத்தினேன். அந்தக் கத்தலில் பிலோ இல்லை. வண்டிலில் பாதி வழி போகும்வரை அவளை நான் நினைக்கவே இல்லை. டொக்டர் முள்ளைக் காட்டியபோது ஐயாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. அப்போது பிறந்ததுதான் திட்டம்.

அம்மா எதிரே இருந்து தூங்கி விழுகிறார். பேணி என் மடியில். சொல்ல வேண்டியதை எண்ணிப் பார்த்தேன்: அம்மா, நான் எனக்காகத்தான் கத்தினனான். நாலு சொல். போனமுறையை விட ஒன்று குறைவு. இரண்டு தரம் வாயைத் திறந்துவிட்டேன்.