சத்தம் போடாத சேலை

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய். ஆலங்காயம்.

வியாழக்கிழமை பட்டணத்தில் நான் மாதா பாட்டுப் பாட, அதை இசைத்தட்டில் பதியப் போகிறார்கள். ஒரே ஒரு தரம்தான் பாட விடுவார்களாம். துணி உரசினால்கூட மைக் பிடித்துக்கொள்ளும் என்று பதிவுக்காரர் கடிதத்தில் எழுதியிருந்தார்.

அதனால் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு சேலையாகக் கட்டிக்கொண்டு, பின்னால் நின்று பாடினேன். முதலில் கல்யாணப் பட்டு. பட்டணத்தார் முன்னால் மலையடிவாரத்துப் பெண்ணாகத் தெரியக் கூடாதே.

"சாமை பொடைக்கிற மாதிரி கேக்குதுமே" என்றார்.

"ஒரு தரம் திரும்பித்தான் பாருங்களேன். எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

"மைக்குக்கு இன்னா கண்ணா இருக்குது? மாத்திக்கினு வா."

கோபத்தில், அடுப்படியில் கட்டும் பழைய நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஏதோ கிணுகிணுத்தது. தாலியில் சிலுவையும் காசும் ஒன்றோடொன்று மோதின. இதை மட்டும் கழற்ற மாட்டேன் என்று அழுதுவிட்டேன்.

"யாரு கழட்டச் சொன்னா?" என்று திரும்பினார். தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, சிலுவைக்கும் காசுக்கும் நடுவே சுற்றி முடிச்சுப் போட்டார். கோயிலில் தாலி கட்டிய அன்று போலவே முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"இப்போ பாடு" என்றார். பாடி முடிக்கிற வரை சுவர்ப்பக்கம் திரும்பவேயில்லை.

பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தச் சேலையில் என்னை அவர் பார்க்கவேயில்லை. பரவாயில்லை.