அக்கரை மண்ணுக்கு ஓர் ஆட்சேபணை

1978 ஆகஸ்ட் 6
இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சிலமலை ஓடைக்கு அக்கரையில் குடிசை போட்டிருக்கிறார்கள். அரசாங்கமே கொண்டுவந்து விட்டதாம். மச்சினன் சுருளிவேல், "அவுக பாட்டன் இந்தப் பக்கத்து ஆளுதான மச்சான்" என்கிறான். போனவன் போனவன்தானே? சந்தைக்குப் போன மாதிரி திரும்பி வருவதா?

ஆகஸ்ட் 9
அவர்களை அங்கே குடிவைக்கக் கூடாதென்று தாசில்தாருக்கு மனு அனுப்பினேன். காரணம் இரண்டு. பொருளாதாரம்: குறைந்த கூலிக்கு வந்து நம் ஆட்களின் வேலையைப் பறிப்பார்கள். மதம்: கடல் தாண்டியவர்களுக்கு ஆசாரம் கிடையாது. வக்கீல் எழுதியிருந்தால் ஒரு காரணத்தோடு நிறுத்தியிருப்பான்.

ஆகஸ்ட் 17
மலையில் என் ஏலக்காய் பழுத்து நிற்கிறது. நம் ஆட்கள், ஆள் ஏற்ற ஜீப்பு விடுகிற தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரி அய்யம்மாள், "அக்கரை ஆளுகளக் கூப்புடுங்க. கொழுந்து கிள்ளுன கை, வெரசா எடுக்கும்" என்றாள். கூப்பிட்டேன். முக்கால் கூலிக்கு வந்தார்கள். மனுவின் முதல் காரணத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகஸ்ட் 20
அவர்களில் மூத்தவள் கருத்தம்மாள், ஒரு பால்மா டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே மண். அங்கே அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயில் பிடிமண்ணாம். அதை நம் ஊர் மந்தையில் வைத்துக் கல் நட வேண்டுமாம்.
வேறு நாட்டு மண் இங்கே சாமியாகாது என்றேன்.
"இங்கயிருந்து போன மண்ணுதானுங்கய்யா. எங்க பாட்டன் மடியில கட்டிக்கிட்டுக் கப்பலேறுனாரு."
போனது சரி. இத்தனை வருஷம் எந்த ஊர் மழையில் நனைந்தது?

செப்டம்பர் 3
ஊர்க்கூட்டம். வேற்றூர்ப் பிடிமண்ணில் வந்த சாமி ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது — தீர்மானம் நான் கொண்டுவந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். தூக்கிய கைகள் இறங்கிய பிறகு பூசாரி மொக்கச்சாமி கேட்கிறான்: "அப்பு, அப்ப ஒங்க தோட்டத்துக் கருப்பசாமி? உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒங்க தாத்தா பிடிமண் கொண்டாந்து வச்சதுதான?"
எங்கள் குடும்பம் வந்தேறியது என்பது சொல்லி வைத்தாற்போல எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. இதை முன்னாலேயே கேட்க அவனுக்கு வாய் இல்லையா?

செப்டம்பர் 4
"தீர்மானத்த வாபஸ் வாங்கிருங்க மச்சான்" என்கிறான் சுருளிவேல். நான் சொன்னதை நானே மாற்றுவதா? கருப்பைத்தான் எல்லைக்கு வெளியே மாற்ற வேண்டும்.
அய்யம்மாள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "பேத்திக்குக் காது குத்து வருது. சாமிய நடுத்தெருவுல நிறுத்துறீகளா?"

செப்டம்பர் 11
தாசில்தார் பதில் வந்தது. அக்கரை முழுவதும் அவர்களுக்கே பட்டா. ஊர் எல்லையைத் தாண்டினால் மற்ற பக்கமெல்லாம் பிறத்தியார் வயல். கருப்பை வைக்க எவன் விடுவான்?

செப்டம்பர் 13
ஓடையில் இறங்கி அக்கரைக்குப் போனேன். கேட்டேன்.
"எங்காளுகளக் கேட்டுச் சொல்றேங்கய்யா" என்றாள் கருத்தம்மாள்.
வெளியே நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உள்ளே நெடுநேரம் பேச்சு. ஒருவன், "நாளைக்கு இவரு சொந்தமெல்லாம் ஆளுக்கொரு சாமியத் தூக்கிட்டு வந்தா?" என்றான். நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 17
அவர்கள் மாரியம்மன் ஓடைமேட்டில் நிற்கிறாள். பக்கத்தில் கொஞ்சம் இடம் காட்டினார்கள். கிழக்குப் பார்த்துத்தான் வைப்பேன் என்றேன்.
"கெழக்கால எங்க அடுப்பு இருக்குங்கய்யா. வடக்குதான் தோது" என்றாள் கருத்தம்மாள்.
வடக்குப் பார்த்து வைத்தேன்.